‘விடுதலை’ என்ற ஒரு சொல்லும் ஐந்து ஆங்கிலச் சொற்களும்: வன்கொடுமை வழக்குகளில் அறிந்திருக்க வேண்டிய சட்டச் சொற்கள்

வன்கொடுமைக்கு உள்ளானவரின் கைக்கு வந்து சேரும் தாள்கள் பெரும்பாலும் தமிழில்தான் எழுதப்பட்டிருக்கின்றன. ஆனால் அந்தத் தாள்களின் போக்கைத் தீர்மானிக்கும் சொற்கள் ஆங்கிலச் சட்டத்திலிருந்து வந்தவை. சி.எஸ்.ஆர்., எஃப்.ஐ.ஆர்., காக்னிசபிள், பப்ளிக் வியூ, மிஸ்டேக் ஆஃப் ஃபாக்ட், ஹாஸ்டைல், அக்விட்டல் ஆகிய சொற்களைக் காவல் நிலையத்து எழுத்தர் முதல் நீதிமன்றப் பணியாளர் வரை எல்லோரும் நாள்தோறும் புழங்குகிறார்கள். பாதிக்கப்பட்டவரும் அவருடன் செல்லும் தோழர்களும் அவற்றைக் காதால் கேட்டுத் தலையசைத்துவிட்டு வருகிறார்கள். அந்தத் தலையசைப்புக்குள் எத்தனையோ வழக்குகள் புதைந்திருக்கின்றன. ஆகவே, களத்தில் நிற்கும் தோழர்களுக்கும் சட்டம் பயிலாத கல்லூரி மாணவர்களுக்கும் இச்சொற்கள் நடைமுறையில் என்ன பொருள்படுகின்றன என்பதை விளக்க முற்படுகிறேன். அகராதிப் பொருளைவிட, ஒரு சொல்லுக்குப் பதிலாக மற்றொரு சொல் எழுதப்படும்போது என்ன நேர்கிறது என்பதே இங்கு முக்கியம்.

ரசீதும் அறிக்கையும்

புகாருடன் காவல் நிலையம் சென்றால் முதலில் கிடைப்பது பெரும்பாலும் சி.எஸ்.ஆர். எனப்படும் மனு ரசீதுதான். அதில் எண் இருக்கும், நாள் இருக்கும், நிலையத்தின் முத்திரையும் இருக்கும். ‘வழக்குப் போட்டாயிற்று’ என்ற நிறைவோடு மக்கள் ஊர் திரும்பிவிடுகிறார்கள். ஆனால் அந்த ரசீதின் பொருள், ‘உங்கள் மனு எங்களிடம் வந்து சேர்ந்தது’ என்பது மட்டுமே. அதைக் கொண்டு புலன்விசாரணை தொடங்காது, யாரையும் கைது செய்ய இயலாது, நிவாரணத் தொகையும் பெற இயலாது.

வழக்கு பிறப்பது எஃப்.ஐ.ஆர். எனப்படும் முதல் தகவல் அறிக்கையில்தான். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் இது 173ஆம் பிரிவு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 154ஆம் பிரிவாக இருந்தது. ‘காக்னிசபிள்’ குற்றம், அதாவது நீதிமன்றத்தின் பிடியாணை இன்றியே காவல்துறை கைது செய்யத்தக்க குற்றம் நிகழ்ந்ததாகத் தகவல் கிடைத்தால் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்வது கட்டாயம் என்று லலிதா குமாரி வழக்கில் உச்சநீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2013 நவம்பரில் தீர்ப்பளித்தது. காவல் அலுவலரின் விருப்பத்துக்கு அதில் இடமில்லை.

புதிய சட்டம் ஒரு சிறு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. மூன்றாண்டு முதல் ஏழாண்டுக்குள் தண்டனைக்குரிய குற்றங்களில், துணைக் கண்காணிப்பாளரின் அனுமதியோடு 14 நாள்களுக்குள் பூர்வாங்க விசாரணை நடத்தலாம் என்கிறது 173(3). சாதியைச் சொல்லி இழிவுபடுத்தும் குற்றத்துக்கு அதிகபட்சத் தண்டனை ஐந்தாண்டு என்பதால், ‘முதலில் விசாரிக்கிறோம்’ என்று காவல் நிலையம் சொல்லக்கூடும். அப்போது சுட்டிக்காட்ட வேண்டியது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 18ஏ பிரிவு. முதல் தகவல் அறிக்கை பதிவு செய்யப் பூர்வாங்க விசாரணை தேவையில்லை என்று அது வெளிப்படையாகவே கூறுகிறது. இந்தப் பிரிவு சும்மா வந்ததன்று. 2018 மார்ச் 20 அன்று உச்சநீதிமன்றம் இச்சட்டத்தை நீர்த்துப்போகச் செய்து வழங்கிய தீர்ப்பை எதிர்த்து, ஏப்ரல் 2 அன்று நாடெங்கும் தலித் மக்கள் வீதிக்கு வந்ததன் விளைவு அது. சிறப்புச் சட்டம் பிற சட்டங்களை விஞ்சி நிற்கும் என்பதை அதே சட்டத்தின் 20ஆம் பிரிவு சொல்கிறது.

முதல் தகவல் அறிக்கை பதிவானாலும், அதில் என்ன எழுதப்பட்டுள்ளது என்பதில்தான் பெரும்பாலும் சறுக்கல் நிகழ்கிறது. நம் காவல் நிலையங்களில் ஒரு வாய்பாடு உண்டு: ‘ஆபாசமாகத் திட்டி, கையால் அடித்து, கொலை மிரட்டல் விடுத்தார்.’ பழைய தண்டனைச் சட்டத்தின் 294(பி), 323, 506(1) ஆகிய பிரிவுகளுக்கேற்ற வாய்பாடு இது. பாதிக்கப்பட்டவர் தன் சாதிப் பெயரைச் சொல்லித் திட்டினார்கள் என்றே கூறியிருப்பார். எழுத்தரின் பேனாவில் அது ‘ஆபாசமான வார்த்தைகள்’ ஆகிவிடும். சாதிப்பெயர் அறிக்கையில் இல்லையென்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(எஸ்) பிரிவு அங்கே நிற்காது. பல மாதங்கள் கழித்து நீதிமன்றத்தில் அதைச் சொன்னால், ‘இது பின்னர் சேர்த்த கதை’ என்பார் எதிர்த்தரப்பு வழக்கறிஞர். வாய்மொழியாகச் சொன்ன தகவலை எழுதி, கையொப்பம் வாங்குமுன் படித்துக் காட்ட வேண்டியது பொது ஊழியரின் கடமை என்று அச்சட்டத்தின் 4ஆம் பிரிவு வரையறுக்கிறது. வேண்டுமென்றே அக்கடமையில் தவறும், பட்டியல் சாதியோ பழங்குடியோ அல்லாத அலுவலருக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. ‘படித்துக் காட்டுங்கள்’ என்று கேட்பது சட்டத்தைக் கேட்பதுதான். அறிக்கையின் நகலைக் கட்டணமின்றித் தர வேண்டும் என்பதும் சட்டமே.

‘பி.சி.ஆர். கேஸ்’

தமிழ்நாட்டில் வன்கொடுமை வழக்குகளை இன்றும் ‘பி.சி.ஆர். கேஸ்’ என்றே எல்லோரும் அழைக்கிறார்கள். நம் தோழர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். பி.சி.ஆர். என்பது வேறு சட்டம். 1955இல் தீண்டாமைக் குற்றங்கள் சட்டமாக இயற்றப்பட்டு, 1976இல் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாற்றம் பெற்றது. அதன்கீழ்த் தண்டனை பொதுவாக ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரைதான். ‘அட்ராசிட்டி’ என்ற ஆங்கிலச் சொல்லைத் தாங்கி வந்த 1989ஆம் ஆண்டுச் சட்டம் அதைவிடக் கடுமையானது. சிறப்பு நீதிமன்றம், துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அலுவலரின் புலன்விசாரணை, முன்பிணைக்குத் தடை, அரசின் நிவாரணம் ஆகிய அனைத்தும் அதற்கே உரியவை. பேச்சுவழக்கில் பெயர் மாறுவதால் கேடில்லை என்று தோன்றலாம். ஆனால் மனுவில் ‘பி.சி.ஆர். சட்டப்படி நடவடிக்கை எடுக்க வேண்டுகிறேன்’ என்று எழுதிக் கொடுத்தால், கேட்டதைக் கொடுத்துவிட்டோம் என்று இலேசான சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்ய நாமே வழிவிட்டதாகும்.

‘அட்ராசிட்டி’ என்றவுடன் இரத்தம் சிந்தும் காட்சி மனத்தில் எழுகிறது. சட்டத்தில் அச்சொல்லுக்கு அப்படிப்பட்ட எல்லை இல்லை. மூன்றாம் பிரிவில் பட்டியலிடப்பட்ட செயல் எதுவாயினும் அது வன்கொடுமை. பொது நீர்நிலையைப் பயன்படுத்த விடாமல் தடுப்பதும், நிலத்தை அபகரிப்பதும், மலம் அள்ளச் செய்வதும் அதில் அடங்கும். 2015ஆம் ஆண்டுத் திருத்தம் அப்பட்டியலை மேலும் விரிவாக்கியது.

இச்சட்டத்தில் மிகுதியாகச் சர்ச்சைக்குள்ளான தொடர் ‘பப்ளிக் வியூ’. சாதியைச் சொல்லி இழிவுபடுத்தியது ‘பொதுமக்கள் பார்வைக்கு உட்பட்ட இடத்தில்’ நிகழ்ந்திருக்க வேண்டும். இதைப் ‘பொது இடம்’ என்று மொழிபெயர்ப்பது பிழை. 2008இல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் இவ்வேறுபாட்டை விளக்கியது: வீட்டின் முற்றம் தனியாருக்குச் சொந்தமானதாயினும், தெருவிலிருந்து பார்க்கக்கூடுமானால் அது பொதுமக்கள் பார்வைக்கு உட்பட்ட இடமே. நான்கு சுவர்களுக்குள், வெளியார் யாரும் இல்லாதபோது சொல்லப்பட்டது இதில் அடங்காது என்று 2020இல் ஹிதேஷ் வர்மா வழக்கில் கூறியது. 2025 ஜனவரியில் திருச்சி மாவட்டத்து வழக்கொன்றையும் இதே காரணத்தால் இரத்து செய்தது. அவ்வழக்கில் அலுவலக அறைக்குள் இழிவுபடுத்தப்பட்டதாகப் புகார் கொடுத்தவர் ஒரு வருவாய்த்துறை ஊழியர். சக ஊழியர்கள் அந்நிகழ்வு முடிந்த பிறகே வந்தார்கள் என்பது தீர்மானிக்கும் காரணமாயிற்று.

சாதிய இழிவு பூட்டிய அறைக்குள் வலிக்காது என்று கருதுவது போன்ற இந்த நிபந்தனையை நான் ஏற்கவில்லை. சட்டமன்றம்தான் அதை மாற்ற வேண்டும். ஆயினும் சட்டம் இன்று இவ்வாறு இருக்கையில், புகார் எழுதும்போது எங்கே நின்றார்கள், கதவு திறந்திருந்ததா, யார் யார் பார்த்தார்கள் அல்லது கேட்டார்கள், அவர்கள் சொல் வெளிப்படும்போதே அங்கிருந்தார்களா என்பவற்றை விரிவாக எழுத வேண்டும். ‘அக்கம்பக்கத்தினர் கூடிவிட்டனர்’ என்ற ஒற்றை வரி போதாது.

இன்னொரு தொடரையும் இங்கே விளக்கியாக வேண்டும். 3(2)(5) பிரிவு, பத்தாண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றத்தைத் தலித் ஒருவருக்கு எதிராகச் செய்தால் ஆயுள் தண்டனை என்கிறது. முன்பு அதில் ‘ஆன் தி கிரவுண்ட் தட்’ என்ற சொற்கள் இருந்தன. அதாவது, அவர் பட்டியல் சாதியினர் என்ற காரணத்தாலேயே அக்குற்றம் செய்யப்பட்டிருக்க வேண்டும். குற்றவாளியின் மனத்துக்குள் இருக்கும் காரணத்தை எப்படி மெய்ப்பிப்பது? 2006 செப்டம்பர் 29 அன்று மகாராஷ்டிரத்தின் கயர்லாஞ்சியில் போத்மாங்கே குடும்பத்தின் நால்வர் கொல்லப்பட்டனர். அவ்வளவு கொடிய வழக்கிலும் விசாரணை நீதிமன்றமும் உயர்நீதிமன்றமும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பொருந்தாது என்றே கூறின. 2016 ஜனவரி 26 முதல் அச்சொற்களுக்குப் பதிலாக ‘நோயிங் தட்’ என்ற சொற்கள் இடம்பெற்றன. இப்போது அவர் பட்டியல் சாதியினர் என்பதை ‘அறிந்து’ செய்திருந்தால் போதும். குற்றம் சாட்டப்பட்டவருக்குப் பாதிக்கப்பட்டவரையோ அவர் குடும்பத்தையோ முன்பே தெரியும் எனில், சாதியும் தெரியும் என்றே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என்கிறது 8ஆம் பிரிவு. ஒரே ஊரில் சேரியும் ஊரும் என்று பிரிந்து வாழும் நாட்டில், யார் எந்தச் சாதி என்று தெரியாது என ஒருவர் சொல்வதை நம்ப யாருக்கும் இயலாது. சட்டம் அதை ஒப்புக்கொள்ள இருபத்தாறு ஆண்டுகள் பிடித்தன.

விபத்து என்னும் சொல்

கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கி ஒருவர் இறந்துபோனால், நாளிதழ்கள் ‘விஷவாயு தாக்கி பலி’ என்று எழுதுகின்றன. விஷவாயு குற்றவாளி ஆகிவிடுகிறது. காவல்துறை பெரும்பாலும் இதைச் சந்தேக மரணமாகவோ, ‘நெக்லிஜென்ஸ்’ எனப்படும் கவனக்குறைவால் நேர்ந்த மரணமாகவோ பதிவு செய்கிறது. கவனக்குறைவு மரணத்துக்குப் பழைய சட்டத்தில் அதிகபட்சம் இரண்டாண்டு. பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவில் ஐந்தாண்டு.

‘கல்பபிள் ஹோமிசைட்’ என்ற சொல் இந்த இடத்தில் நமக்குத் தேவைப்படுகிறது. கொலைக்குச் சமமாகாத மரணம் விளைவித்தல் என்பார்கள். கொல்லும் நோக்கம் இல்லாவிடினும், இச்செயலால் மரணம் நேரக்கூடும் என்ற அறிவோடு செய்தால் அது கவனக்குறைவைத் தாண்டிவிடுகிறது. பத்தாண்டு வரை தண்டனைக்குரியது. மூடிக் கிடந்த தொட்டிக்குள் பாதுகாப்புக் கருவி இன்றி ஆளை இறக்கினால் என்ன ஆகும் என்பது எந்த ஒப்பந்ததாரருக்கும் தெரியாததன்று. 2013ஆம் ஆண்டுச் சட்டம் அப்படி இறக்குவதையே தடைசெய்திருக்கும்போது, ‘தெரியாது’ என்ற வாதம் எடுபடக் கூடாது என்பதே என் கருத்து. இறந்தவர் தலித் எனில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(ஜே) பிரிவையும் சேர்க்க வலியுறுத்தலாம். நிவாரணத்தைப் பொறுத்தவரை, 2014இல் பத்து இலட்சம் என்று சொன்ன உச்சநீதிமன்றம் 2023 அக்டோபரில் பல்ராம் சிங் வழக்கில் அதை முப்பது இலட்சமாக உயர்த்தியது. வழக்கு எந்தப் பிரிவில் பதிவாயினும் இத்தொகையைக் கோரலாம்.

ஏ1, குற்றப்பத்திரிகை, ஆர்.சி.எஸ்.

‘அக்யூஸ்டு’ என்பவர் குற்றம் சாட்டப்பட்டவர். ‘கன்விக்ட்’ என்பவர் குற்றம் மெய்ப்பிக்கப்பட்டுத் தண்டனை பெற்றவர். நம் ஊடகங்கள் இருவரையும் ‘குற்றவாளி’ என்றே எழுதுகின்றன. இதனால் பெரிதும் பாதிக்கப்படுபவர்கள் நம் இளைஞர்கள்தான். வன்கொடுமைப் புகார் கொடுத்த மறுநாளே எதிர்த்தரப்பிடம் ஒரு புகாரை வாங்கி ‘கவுண்டர் கேஸ்’ போடுவது நடைமுறை ஆகிவிட்டது. அடி வாங்கியவரும் ஏ1, ஏ2 என்று வரிசை எண் பெற்றுவிடுகிறார். அதைக் காட்டியே சமரசத்துக்கு இழுக்கிறார்கள்.

‘சார்ஜ் ஷீட்’ எனும் குற்றப்பத்திரிகையையும் தீர்ப்பைப் போல மதிக்கும் பழக்கம் நமக்கு இருக்கிறது. அது காவல்துறையின் முடிவு; நீதிமன்றத்தின் முடிவன்று. வேங்கைவயலில் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்ட வழக்கில், 2025 ஜனவரியில் சி.பி.சி.ஐ.டி. தாக்கல் செய்த குற்றப்பத்திரிகை அவ்வூரின் தலித் இளைஞர்கள் மூவரையே குற்றம் சாட்டியது. உடனே பலர் ‘உண்மை வெளிவந்துவிட்டது’ என்று எழுதினார்கள். வெளிவந்தது ஒரு புலன்விசாரணை அமைப்பின் கூற்று. அதை மெய்ப்பிக்கும் சுமை இன்னும் அந்த அமைப்பின்மீதுதான் இருக்கிறது.

இதற்கு நேர்மாறான தாள் ஆர்.சி.எஸ். அறிவிப்பு. புகாரில் மேல் நடவடிக்கை இல்லை என்று காவல்துறை வழக்கை முடிக்கும்போது புகார்தாரருக்கு அனுப்பும் அறிவிப்பு இது. காரணம் என்ற இடத்தில் பெரும்பாலும் ‘மிஸ்டேக் ஆஃப் ஃபாக்ட்’ என்றிருக்கும். தெருவில் தாக்கப்பட்ட மகனுக்காகப் புகார் கொடுத்திருந்த ஒரு தாய், இந்த அறிவிப்பை நான்காக மடித்து ரேஷன் அட்டையுடன் பத்திரமாக வைத்திருந்தார். வழக்கு நடந்துகொண்டிருப்பதற்கான சான்று அது என்று அவர் நினைத்திருந்தார்; காவலர் கையொப்பம் கேட்டார், இட்டுக் கொடுத்தார்.

‘மிஸ்டேக் ஆஃப் ஃபாக்ட்’ என்பதன் பொருள் பொருண்மைப் பிழை. புகார் பொய் என்பது அதற்குப் பொருளாகாது. ஆனால் வன்கொடுமைச் சட்டம் ‘தவறாகப் பயன்படுத்தப்படுகிறது’ என்று கூச்சலிடுவோர் இப்படி முடிக்கப்பட்ட வழக்குகளையும் பொய் வழக்குக் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். இந்த அறிவிப்பு வந்தவுடன் செய்ய வேண்டியது ‘புரொட்டஸ்ட் பெட்டிஷன்’ எனும் ஆட்சேப மனு. காவல்துறையின் முடிவறிக்கையை ஏற்குமுன் புகார்தாரருக்கு வாய்ப்பளிக்க வேண்டும் என்று 1985இலேயே பகவந்த் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் கூறிவிட்டது. நீதிமன்றம் அறிக்கையை நிராகரிக்கலாம், மேல்விசாரணைக்கு உத்தரவிடலாம், அல்லது நேரடியாக வழக்கைக் கோப்பில் எடுக்கலாம்.

பெயிலும் ஹாஸ்டைலும்

‘பெயில்’ என்றால் பிணை; ஜாமீன் என்பதும் அதுவே. ‘ஆன்டிசிபேட்டரி பெயில்’ என்பது கைதுக்கு முன்பே பெறும் முன்பிணை. வன்கொடுமை வழக்கில் அதற்குத் தடை உண்டு. ஆனால் புகாரைப் படித்த அளவிலேயே அச்சட்டம் பொருந்தாது என்று தெரிந்தால் தரலாம் என 2020 பிப்ரவரியில் பிருத்விராஜ் சவுகான் வழக்கில் உச்சநீதிமன்றம் கூறியது. முதல் தகவல் அறிக்கையில் ஒவ்வொரு சொல்லும் ஏன் முக்கியம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

‘டிஃபால்ட் பெயில்’ வேறு வகை. குற்றத்தின் தன்மைக்கேற்ப 60 அல்லது 90 நாள்களுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யப்படாவிட்டால், சிறையில் இருப்பவர் பிணையை உரிமையாகக் கேட்கலாம். நீதிபதி மறுக்க முடியாது. ஊரில் ‘ஜட்ஜை விலைக்கு வாங்கிவிட்டார்கள்’ என்று பேச்சு கிளம்பும். கேட்க வேண்டிய கேள்வியோ புலன்விசாரணை அலுவலரிடம்: அறுபது நாள்களுக்குள் முடிக்க வேண்டும் என்று வன்கொடுமைத் தடுப்பு விதிகளே சொல்லும்போது, ஏன் முடிக்கவில்லை?

‘ஹாஸ்டைல் விட்னஸ்’ என்பதைப் பிறழ்சாட்சி என்கிறோம். ஒரு சாட்சி பிறழ்ந்தால் வழக்கு செத்துவிட்டது என்று தளர வேண்டியதில்லை. அவர் சொன்னவற்றுள் நம்பத்தக்க பகுதியை நீதிமன்றம் ஏற்கலாம். பிற சான்றுகளைக் கொண்டும் தண்டிக்கலாம். கோகுல்ராஜ் கொலை வழக்கில் முதன்மைச் சாட்சியே பிறழ்ந்தார். ஆயினும் திருச்செங்கோடு கோயிலின் கண்காணிப்புக் கேமராப் பதிவு உள்ளிட்ட சான்றுகளின் வலுவில் 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேருக்குத் தண்டனை விதித்தது. முதன்மைக் குற்றவாளியின் தண்டனையை 2023இல் உயர்நீதிமன்றம் உறுதிசெய்தது. சாட்சிகள் ஏன் பிறழ்கிறார்கள் என்பதற்கு விளக்கம் வேண்டியதில்லை. நிலமும் கூலியும் தண்ணீரும் யார் கையில் இருக்கின்றன என்று பார்த்தால் போதும்.

விடுதலை

‘வன்கொடுமை வழக்கில் கைதானவர்கள் விடுதலை’ என்று ஒரு தலைப்பைப் படித்தால், அது ஐந்தில் எதுவாகவும் இருக்கலாம்.

முதலாவது, பெயிலில் வெளிவருதல். வழக்கு அப்படியே உயிரோடு இருக்கிறது. இரண்டாவது ‘குவாஷ்’: உயர்நீதிமன்றம் வழக்கையே இரத்து செய்வது. மூன்றாவது ‘டிஸ்சார்ஜ்’: விசாரணை தொடங்குமுன், போதிய முகாந்திரம் இல்லையென்று ஒருவரை வழக்கிலிருந்து விடுவிப்பது. நான்காவது ‘அக்விட்டல்’: முழு விசாரணைக்குப் பின், குற்றம் ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்கப்படவில்லை என்று விடுவிப்பது. இதை எதிர்த்து மேல்முறையீடு செய்யலாம். பாதிக்கப்பட்டவருக்கே அந்த உரிமை உண்டு. அக்விட்டலுக்கும் பொய்வழக்குக்கும் தொடர்பில்லை. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டனர். நிலவுடைமையாளர்களுக்கு விசாரணை நீதிமன்றம் பத்தாண்டுச் சிறை விதித்தது. உயர்நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. அதனால் அந்த 44 பேரும் எரிக்கப்படவில்லை என்றாகிவிடாது.

ஐந்தாவது ‘ரெமிஷன்’, தண்டனைக் குறைப்பு. இதைச் செய்வது நீதிமன்றம் அன்று; அரசு. 1997 ஜூன் 30 அன்று மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடன் சென்றவர்களும் வெட்டிக் கொல்லப்பட்ட வழக்கில் ஆயுள் தண்டனை பெற்றிருந்த 13 பேர், 2019 நவம்பரில் முன்கூட்டியே விடுவிக்கப்பட்டார்கள். அவர்கள் குற்றமற்றவர்கள் என்று எந்த நீதிமன்றமும் கூறவில்லை. அவர்கள் மீதான தீர்ப்பு இன்றும் நிலைத்திருக்கிறது.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15ஏ(5) பிரிவு பெயில், டிஸ்சார்ஜ், விடுவிப்பு, பரோல், தண்டனை ஆகியவை குறித்த எந்த நடவடிக்கையிலும் பாதிக்கப்பட்டவரோ அவரைச் சார்ந்தவரோ தம் கருத்தைக் கூற உரிமை வழங்குகிறது. முன்னறிவிப்புத் தர வேண்டியது கட்டாயம் என்று 2021இல் ஹரிராம் பாம்பி வழக்கில் உச்சநீதிமன்றம் உறுதிசெய்தது. பிணை மனு விசாரணைக்கு வந்தது தமக்குத் தெரியவே தெரியாது என்று பாதிக்கப்பட்டவர் சொன்னால், அந்தப் பிணை உத்தரவை உயர்நீதிமன்றத்தில் எதிர்ப்பதற்கு அதுவே போதுமான முதற்காரணம்.